பச்சை விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை

அக்காவின் சாப்பாட்டுப் பையில் மஞ்சள் நிற வாக்கி டாக்கி ஒன்று எப்போதும் இருக்கும். பேசுவதற்கு அல்ல. அக்கா கட்டுமான கிரேன் ஓட்டுபவள். அவ்வளவு உயரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிடும்போது, மடியில் விரித்த துண்டு காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதை மேலே வைத்துக்கொள்வாள்.

"நல்ல கனமா இருக்குடா. வேற எதுக்கும் இது ஆகாது" என்று தம்பியிடமே சொல்வாள்.

தம்பிக்கு அவள் வைத்த பெயர் பொத்தான். சின்ன வயதில் எந்தப் பொத்தானைக் கண்டாலும் அழுத்திப் பார்க்காமல் நகரமாட்டான். அழைப்பு மணி, டேப் ரெக்கார்டர், ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரின் கார் ஹாரன், எதையும் விட்டதில்லை. வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். நாள் முழுக்கப் பொத்தான் அழுத்துவதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். மாலையில் வீட்டுக்கு வந்தால் வாக்கி டாக்கியின் பேச்சுப் பொத்தான். கூடத்து அலமாரியின் மேல் தட்டு முழுக்க அவன் செட்டுகள், பேட்டரிகள், சார்ஜர்கள்.

அன்று காலை பல் துலக்கிய வாயோடு அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, இன்னிக்கு நாலு மணிக்கு உன் கிரேன் கையை அந்தச் சந்துப் பக்கம் நீட்டாம வெச்சுக்கோயேன்."

"எந்தச் சந்து?"

"உன் பில்டிங்குக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவுல மலை தெரியுதே, அது."

"உன் பொம்மைக்காக நான் கிரேனை நிறுத்தணுமா? இன்ஜினியர் கேட்டா என்ன சொல்ல? தம்பி ஹலோ சொல்லிட்டு இருக்கான், கொஞ்சம் பொறுங்கன்னா?"

"நாளைக்கு அடுத்த மாடி ஏத்தப் போறீங்க. அப்புறம் மலையே தெரியாது. இன்னிக்கு விட்டா போச்சு."

அக்கா டப்பாவை மூடிக்கொண்டே சிரித்தாள். "இன்னிக்கும் கேக்கலேன்னா ஒண்ணு பண்ணலாம். அந்த மேல் தட்டைக் காலி பண்ணிக் குடு. என் செருப்பெல்லாம் வாசல்ல கிடக்குது."

"சரி" என்றான் பொத்தான். சொன்ன பிறகுதான் திரும்பி அலமாரியைப் பார்த்தான்.

விஷயம் இதுதான். மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ் டிரைவர். அவர் வண்டியின் கடைசி நிறுத்தம் ஊருக்கு அப்பால், அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஒரு மலை உச்சியில். அங்கே வண்டி திரும்புவதற்கு முன் கால் மணி நேரம் நிற்கும். அந்த உச்சியில் போன் வேலை செய்யாது. மாமாவுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு, பொத்தான் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். லைசன்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடிய கையடக்க செட். அதன் சக்தி அரை வாட். படுக்கையறையில் மங்கலாக எரியுமே ஒரு இரவு விளக்கு, அதற்குச் செலவாகும் மின்சாரம்கூட இதற்கு ஆகாது. அதை வைத்துக்கொண்டு அந்த உச்சியிலிருந்து இந்த ஊருக்குப் பேசிவிட வேண்டும். இரண்டு பேரும் இரண்டு முறை முயன்று தோற்றிருந்தார்கள். முதல் முறை மாமா பஸ்ஸுக்குள் உட்கார்ந்தே பேசினார். தகரப் பெட்டிக்குள்ளிருந்து ரேடியோ அலை எப்படி வெளியே வரும்? இரண்டாவது முறை பேட்டரி போட்டதாக நினைத்துக்கொண்டு போட மறந்திருந்தார்.

"கையில போன் இருக்கு, உலகத்துல எவன்கிட்ட வேணாலும் பேசலாம். இதுல என்னடா இருக்கு?" என்று அக்கா கேட்காத வாரம் இல்லை.

பொத்தான் சளைக்காமல் விளக்குவான். போனில் பேசினால் நடுவில் எத்தனையோ கோபுரம், எத்தனையோ கம்பி, எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து பேச்சைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இதில் அப்படி யாரும் இல்லை. என் ஆன்டெனா, உன் ஆன்டெனா, நடுவில் காற்று. உன் குரல் புறப்பட்ட அதே நொடியில் நேராக என்னிடம் வருகிறது. யோசித்துப் பார்த்தால் மயிர்க்கூச்செறிய வேண்டாமா?

அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்ததில்லை.

*

நான்கு மணிக்குச் சற்று முன்பே பொத்தான் தன் வேலையை முடித்துவிட்டான். அவன் பராமரிக்கும் லிஃப்டுகளில் ஒன்று அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் இருந்தது. மொட்டைமாடி மேல் இருக்கும் மோட்டார் அறையில் கம்பிவடத்தைத் துடைத்து, பிரேக் பட்டையின் தேய்மானத்தைப் பார்த்து, கன்ட்ரோல் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால் முழு ஊரும் காலடியில். தெருவுக்கு எதிர்ப்பக்கம் அக்காவின் கட்டடம், பாதி வளர்ந்த நிலையில். அதற்கு மேலே மஞ்சள் கிரேன். கட்டடத்துக்கும் பழைய தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, இரண்டு விரல் அகலத்துக்கு, நீலக் கோடாக மலை.

அந்த இடைவெளியைப் பற்றி அவனுக்கு ஒரு கவலை இருந்தது. கண்ணுக்கு மலை தெரிந்தால் போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை. இரண்டு முனையிலும் ஒல்லியாகவும் நடுவில் பருத்தும் ஒரு வெள்ளரிக்காய் வடிவத்தில் இடம் கேட்கும். அந்த வெள்ளரிக்காயில் ஒரு கட்டடம் பாதியைச் சீவிவிட்டால், மலை பளிச்சென்று தெரிந்தாலும் குரல் தேய்ந்துவிடும். இன்றைக்குச் சீவல் கொஞ்சம்தான். நாளை மாடி ஏறிவிட்டால் மொத்தக் காயும் போச்சு.

கிரேன் அசையாமல் நின்றது. அக்கா நிறுத்தித்தான் வைத்திருக்கிறாளா என்று ஒரு நொடி நெகிழ்ந்துபோனான். பிறகு கீழே பார்த்தான். கான்கிரீட் லாரி இன்னும் வரவில்லை. தெருமுனை நெரிசலில் எங்கோ மாட்டியிருந்தது.

செட்டை எடுத்து, ஆன்டெனாவை நிமிர்த்திப் பிடித்தான். இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தான். அந்த சேனலில் பக்கத்து வணிக வளாகத்தின் பார்க்கிங் காவலர்கள் ஓயாமல் பேசுவார்கள். "வெள்ளைக் காரை எடுக்கச் சொல்லு", "ரெண்டாவது தளம் ஃபுல்." அந்த இரைச்சலில் மாமாவின் மெல்லிய குரல் அமுங்கிவிடுமே என்று, போன வாரம் தன் செட்டில் கோட் பன்னிரண்டு போட்டிருந்தான்.

கோட் என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பேசும்போது குரலோடு சேர்த்து, காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய முனகலையும் செட் அனுப்பும். கேட்கும் செட்டின் ஸ்பீக்கருக்கு ஒரு வாசல்காரன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தனக்குத் தெரிந்த முனகல் வந்தால் கதவைத் திறப்பான், வேறு எது வந்தாலும் திறக்கமாட்டான். குரல் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளே இருப்பவனுக்குக் கேட்காது. கடைகளில் இதை 'ரகசிய கோட்' என்று சொல்லி விற்கிறார்கள். ரகசியமாவது ஒன்றாவது! கோட் இல்லாத செட் வைத்திருக்கும் எவனுக்கும் எல்லாமே கேட்கும். "கோட் போட்டா மத்தவன் காது அடைபடாது, உன் காதுதான் அடைபடும்" என்று பொத்தான் ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன்.

மாமாவின் பழைய செட் கீழே விழுந்து உடைந்துபோனதால் வழியில் ஓர் ஊரில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். வேறு கம்பெனி. காலையில் டிப்போவிலிருந்து போன் செய்து, "மாப்ள, சேனல் அதே சேனல், கோட் பன்னிரண்டு, பேட்டரியும் போட்டாச்சு, பஸ்ஸுக்கு வெளியதான் நிப்பேன். வேற என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டிருந்தார். வேறு என்ன வேண்டும்?

பொத்தான் பேச்சுப் பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"மலை, மலை. மாடி கூப்பிடுது. கேக்குதா? ஓவர்."

கையை எடுத்தான். அமைதி. பிறகு செட்டின் தலையில் பச்சை விளக்கு எரிந்தது. ஏதோ சிக்னல் வருகிறது என்று அர்த்தம். ஆனால் சத்தம் இல்லை.

"பார்க்கிங்காரங்க" என்று முணுமுணுத்துக்கொண்டான். இதற்குத்தானே கோட் போட்டோம்! பச்சை அணைந்ததும் மறுபடி கூப்பிட்டான். மறுபடி அமைதி. மறுபடி பச்சை, இந்த முறை நீண்ட நேரம். "என்னதான் பேசுவாங்களோ, ஒரு காரை எடுக்க இவ்வளவு பேச்சா" என்று எரிச்சலோடு அது அணையக் காத்திருந்தான். பிறகு கூப்பிட்டான். மாடியின் இந்த மூலைக்குப் போனான், அந்த மூலைக்குப் போனான். மோட்டார் அறைக் கூரைமேல் ஏணி வைத்து ஏறி நின்றான். செட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கத்தினான்.

"மாமா! மாமா! எதாவது சொல்லுங்க மாமா! ஓவர்!"

பச்சை எரிந்தது. சத்தம் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மாமாவின் கால் மணி நேரத்தில் பாதி கரைந்திருந்தது. மேல் தட்டில் வரிசையாக நிற்கும் அக்காவின் செருப்புகள் கண்முன் வந்தன.

அப்போதுதான் கிரேன் ஹாரன் அடித்தது.

பாம் என்று ஒரு அடி. கீழே வேலை ஆட்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கொக்கியின் கீழே நிற்கும் சிக்னல்காரர் கையை விரித்து என்ன என்று கேட்டார். பொத்தான் திரும்பிப் பார்த்தான். கேபின் ஜன்னல் வழியே அக்கா பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். கையில் அந்த மஞ்சள் செட். துண்டின் மேல் வைக்கிற செட், இன்று அதை ஆன் செய்து வைத்திருக்கிறாள்!

அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மலையைக் காட்டினாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பொருள் என்னவென்று பொத்தானுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். மற்றதுதான் விளங்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்தான்.

அக்கா செட்டை உயர்த்திப் பிடித்து, அவனுக்குத் தெரிகிற மாதிரி, பேச்சுப் பொத்தானை அழுத்தினாள். அவன் கையில் பச்சை எரிந்தது. விட்டாள். அணைந்தது. அழுத்தினாள். எரிந்தது. விட்டாள். அணைந்தது.

பொத்தான் பச்சையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அந்த மஞ்சள் செட் அவனுடைய முதல் செட், இன்றும் அதே சேனலில்தான் இருக்கிறது. அதில் கோட் என்ற வசதியே கிடையாது. அதற்கு வாசல்காரன் இல்லை. கதவே இல்லை. வருவது எல்லாம் கேட்கும். அது பேசினால் தன் செட்டில் பச்சை எரிகிறது, ஆனால் சத்தம் வரவில்லை. அப்படியென்றால் இதுவரை எரிந்த பச்சையெல்லாம் பார்க்கிங்காரர்கள் என்று யார் சொன்னது?

"அடப்பாவி" என்று தன்னையே சொல்லிக்கொண்டான்.

செட்டின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை வாசல்காரன் ஒதுங்கி நிற்பான், எல்லாக் குரலும் உள்ளே வரும். எந்தப் பொத்தானையும் விட்டுவைக்காதவன் இன்று அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. அழுத்தினான்.

"...ஓவர்னு வேற சொல்றான் அந்த ஹலோ சார். தினமும் யாரைத்தான் கூப்பிடுறாரோ பாவம், யாராவது பதில் சொல்லுங்கப்பா" என்றது ஒரு பார்க்கிங் குரல்.

"டேய் பொத்தான்!" அக்காவின் குரல் காதைக் கிழித்தது. "அவர் அங்க தொண்டை தண்ணி வத்தக் கூப்பிடுறார், நீ இங்க கூப்பிடுற. ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கத்துறீங்க, ரெண்டு பேருக்கும் காது கேக்கல. எனக்கு மட்டும் ரெண்டும் கேக்குது. என்னடா கூத்து இது?"

அவள் கையை எடுத்த இடைவெளியில், கரகரவென்ற மணல் சத்தத்துக்கு நடுவே, பஸ் நிலையத்தில் ஆள் கூப்பிட்டுப் பழகிய அந்தக் குரல் வந்தது.

"மாப்ள, மாடி, மாப்ள, நான் பஸ்ஸுக்கு வெளியதான் நிக்கிறேன், சத்தியமா பேட்டரி போட்டிருக்கேன், இன்னும் அஞ்சு நிமிஷம்தான். ஓவர்."

மோட்டார் அறைக் கூரைமேல் பொத்தான் குதித்த குதியில் தகரம் அதிர்ந்தது. அறுபது கிலோமீட்டர்! அரை வாட்! நடுவில் யாரும் இல்லை!

"மாமா! கேக்குது மாமா!"

"மாப்ள, ஒண்ணும் கேக்கல. ஓவர்."

ஆமாம், அவர் காது இன்னும் அடைத்துத்தான் இருந்தது. அவருடைய வாசல்காரனுக்குப் பொத்தானின் முனகல் அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியாமல் போகும்? இரண்டு பக்கமும் பன்னிரண்டுதானே? பொத்தான் கண்ணை மூடி யோசித்தான். புது செட். வேறு கம்பெனி. பன்னிரண்டு என்பது முனகலின் பெயர் இல்லை, பட்டியலில் அது உட்கார்ந்திருக்கும் இடம். அவன் செட்டின் பட்டியல் சின்னது. புது செட்டுகள் சிலவற்றில் பட்டியல் நீளம், முதல் முனகலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் புதிதாக ஒன்றைச் செருகியிருப்பார்கள். மாமாவின் பஸ்ஸிலேயே பார்க்கலாமே! முன் சீட்டில் ஒரு ஆள் நெருக்கி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு இடம் தள்ளி உட்காருவார்கள். அங்கே பன்னிரண்டாவதாக இருப்பவர் இங்கே...

"பதினொண்ணு!" என்று மொட்டைமாடியில் தனியாகக் கத்தினான்.

மெனு, கோட், ஒரு எண் கீழே, உறுதி செய். பேச்சுப் பொத்தானை அழுத்தினான். சிவப்பு.

"மலை, மலை. மாடி. இப்போ கேக்குதா மாமா? ஓவர்."

ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பச்சை எரிந்தது, இந்த முறை சத்தத்தோடு.

"மாப்ளேய்ய்ய்! கேக்குதுடா! பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குது! யோவ், சும்மா இருங்கய்யா, வண்டி கிளம்பும், என் மச்சினன் ஊர்லேருந்து பேசுறான்! ஓவர்!"

பின்னணியில் யாரோ ஒரு பயணி, "போன்லயா?" என்று கேட்பதும், "போனா? போன் இங்க எடுக்குமா? இது நேரா வருதுய்யா, நேரா!" என்று மாமா அதட்டுவதும் கேட்டது. பொத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக இந்த நொடியில் என்ன சொல்வது என்று எத்தனையோ வாசகங்களை யோசித்து வைத்திருந்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"கேக்குது மாமா" என்றான். "ஓவர்."

"கேக்குதுடா மாப்ள. ஓவர்."

"நல்லா கேக்குது மாமா. ஓவர்."

இப்படியே ஒரு நிமிடம் போயிருக்கும். பிறகு மாமா கேட்டார். "உன் அக்கா எங்க? கிரேன்லயா? அவ இதைக் கேட்டிருக்கணும்டா. ஓவர்."

"கேட்டுட்டுதான் இருக்கா மாமா! உங்க குரலை எனக்கு முன்னாடியே அவதான் கேட்டா. உங்க செட் பக்கவாட்டுல சின்னதா ஒரு பொத்தான் இருக்கும், அழுத்திப் பிடிச்சுக்கோங்க. விடாதீங்க. அக்கா, நீ பேசு. ஓவர்."

பொத்தானும் தன் செட்டில் அந்தச் சின்னப் பொத்தானை அழுத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் மணல் சத்தம் மட்டும் வந்தது. கேபின் ஜன்னலில் அக்கா செட்டை வாயருகே கொண்டுபோவதும், எடுப்பதும், மறுபடி கொண்டுபோவதும் தெரிந்தது. சிக்னல்காரரிடம் "சரி, ஏத்துறேன், நிறுத்திட்டேன்" என்று மூன்று சொல்லில் நாளை முடித்துக்கொள்ளும் அக்கா! வேலையிடத்து ரேடியோவில் வளவளவென்று பேசுகிறவனை வேலையை விட்டே தூக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

"என்னங்க" என்றாள்.

"சொல்லும்மா!" மாமாவின் குரல் மலையிலிருந்து குதித்து வந்தது.

"இங்கேருந்து பார்த்தா மலை தெரியுதுங்க. தினமும்தான் தெரியும். நீங்க அதுமேல நிக்கிறீங்கன்னு இன்னிக்குத்தான்..." நிறுத்தினாள். "மதியம் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ஆச்சு. ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போனீங்களா? உச்சியில காத்து அடிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

"வண்டியில இருக்கும்மா."

"வண்டியில இருந்து என்ன பிரயோஜனம்? போட்டுக்கோங்க."

அறுபது கிலோமீட்டரைக் கடந்து ஒரு ஸ்வெட்டர் போய்ச் சேர்ந்ததைப் பொத்தான் கூரைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "ஹலோ சாருக்கு ஆள் கிடைச்சாச்சு!" என்று பார்க்கிங் குரல் ஒன்று நடுவே கத்த, இன்னொரு பார்க்கிங் குரல் கைதட்டியது. மாமா, "கிளம்புறேன், எல்லாரும் என்னை முறைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மணல் சத்தமும் நின்றது.

தெருமுனையில் கான்கிரீட் லாரியின் உருளை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கிரேன் கை திரும்பும். நாளை இந்நேரம் இரும்புப் பலகைகள் வரிசையாக நின்று அந்த இரண்டு விரல் நீலத்தை மூடிவிடும். பொத்தான் அதைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டான். செட்டில் கோட் வசதியை முழுக்க அணைத்து வைத்தான், இனி இது தேவையில்லை.

"டேய் பொத்தான்."

"சொல்லுக்கா. ஓவர்."

"மூஞ்சியைத் தொங்கப்போடாதே, இங்கேருந்தே தெரியுது. பில்டிங் ஏற ஏற கிரேனும் ஏறும். உனக்கு மறைச்சாலும் எனக்கு மறைக்காது. அவர் சொல்றதை நான் கேட்டு உனக்குச் சொல்றேன், நீ சொல்றதை அவருக்குச் சொல்றேன். லாரி வராத நேரத்துல மட்டும்தான், புரியுதா? வேலைன்னா வேலை."

கேபினைப் பார்த்துப் பெரிதாகத் தலையாட்டினான். நடுவில் யாரும் இல்லாமல் நேராகப் போக வேண்டும் என்று ஊருக்கெல்லாம் விளக்கியவன். நடுவில் அக்கா நின்றால் என்ன குறைந்துவிடப் போகிறது?

"அப்புறம், இதுல பேட்டரி ஒரு கோடுதான் காட்டுது. சார்ஜர் எங்கடா வெச்சிருக்க?"

"மேல் தட்டுலதான்க்கா. ஓவர்."

"அப்போ அந்தத் தட்டு அப்படியே இருக்கட்டும். செருப்பை வேற எங்கயாவது வெச்சுக்கிறேன்."

"அக்கா, பேசி முடிச்சதும் ஓவர் சொல்லணும். ஓவர்."

"நான் இன்னும் முடிக்கலையேடா" என்றாள் அக்கா.